பீரோவுல இருக்கிற பட்டும் பாலைவனத்து மணலும்

(எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வெச்சு, படிக்க வசதியா மட்டும் கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

ஞாயித்துக்கிழமை காலையில, இன்னும் பத்து நிமிஷம் தூங்கலாம்னு போர்வையை இழுத்துக்கும்போது தெருவுல ஒரு வண்டி வரும். ஸ்பீக்கர்ல பதிவு பண்ணின குரல். “பழைய பட்டுப்புடவை வாங்குறோம்... கிழிஞ்ச பட்டுப்புடவை, பட்டு வேட்டி, பட்டுப் பாவாடை வாங்குறோம்...” சேலம், ஈரோடு, மதுரை, சென்னைன்னு எந்த ஊர்ல வளர்ந்திருந்தாலும் இந்தக் குரலைக் கேட்டிருப்பீங்க.

சின்ன வயசுல எனக்கு ஒரே சந்தேகம். கிழிஞ்ச புடவையைக் காசு கொடுத்து வாங்கி இவங்க என்ன பண்ணுவாங்க? அதை யார் கட்டுவாங்க?

யாரும் கட்டமாட்டாங்க. எரிச்சிடுவாங்க.

இன்னைக்கு எபிசோடு அந்த நெருப்பைப் பத்தித்தான். ஆனா நடுவுல எகிப்து வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரப்போறோம். ஏன் எகிப்துன்னு போகப்போகப் புரியும்.

ஜரிகைக்குள்ள என்ன இருக்கு?

நல்ல ஜரிகை இழை ஒண்ணை எடுத்துப் பிரிச்சுப் பாருங்க. உள்ளே ஒரு பட்டு நூல் இருக்கும். அது மேல, முடியை விட மெல்லிசா இழுத்துத் தட்டையாக்கின வெள்ளிக் கம்பியைச் சுத்தியிருப்பாங்க. அதுக்கும் மேல தங்க முலாம். அதாவது கண்ணுக்குத் தெரியறது தங்கம், கனம் கொடுக்கிறது வெள்ளி, எல்லாத்தையும் தாங்கிப் பிடிக்கிறது பட்டு.

இப்போ வர்ற நிறைய புடவைகள்ல இந்த ஜரிகை கிடையாது. செம்புக் கம்பி மேல லேசா வெள்ளி பூசினது, இல்லேன்னா பளபளப்பு ஏத்தின பாலியெஸ்டர் இழை. அதனாலதான் வண்டிக்காரர் “பழைய” புடவைன்னு அழுத்திச் சொல்றார். அவர் தேடறது உங்க பாட்டியோட ஜரிகை. கரையை உரைகல்லுல உரசிப் பார்ப்பார், எடை போடுவார், ஒரு விலை சொல்வார். அதுக்கப்புறம் நெருப்பு. பட்டு எரிஞ்சு சாம்பலாகும். சாம்பலை அலசி, மிச்சத்தை மூசையில போட்டு உருக்கினா வெள்ளி கைக்கு வந்துடும். வெள்ளி விலை ஏற ஏற இந்த வியாபாரமும் சூடு பிடிக்கும்.

விக்கிறவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. இழை விட்டுப்போன புடவை பீரோவுல இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு, அதுக்கு ஒரு விலை கிடைக்குது, பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட உதவுது. ஆனா அந்தப் புடவையோட சேர்ந்து என்ன போகுதுன்னு ஒரு தடவையாவது யோசிக்கணும். அதுக்குத்தான் இந்த எகிப்து நடை.

ஏற்காட்டுல துணி காயாது

முதல்ல நம்ம ஊர் மலைக்குப் போவோம். சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா ஏற்காடு. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே மழைக்காலத்துல தங்கினவங்களுக்குத் தெரியும். ஜீன்ஸைத் துவைச்சுக் காயப்போட்டா ரெண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டையில ஈரம் நிக்கும். தலைச்சோலை மாதிரி சேர்வராயன் மலை ஊர்கள்ல பனிமூட்டம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளேயே வரும். பீரோவுல மடிச்சு வெச்ச துணியில வெள்ளை வெள்ளையாப் பூஞ்சை.

மலையை விட்டு இறங்கினா சேலம் வெயில் கொளுத்தும். ஆனா அங்கேயும் ரெண்டு பருவமழை உண்டு. கரையான் உண்டு, ராமபாணப் பூச்சி உண்டு. துணி மக்கறதுக்கு ஈரம், காத்து, பூஞ்சை, பூச்சி வேணும். நம்மகிட்ட நாலும் தாராளமா இருக்கு.

விளைவு என்னன்னா, 2,000 வருஷமா நெய்த ஒரு நாட்டுல 2,000 வருஷத் துணியைக் காட்டச் சொன்னா நம்மால காட்ட முடியல. கீழடியில நூல் நூற்கிற தக்களி கிடைச்சிருக்கு, நெசவுக்கு உதவின எலும்புக் கருவி கிடைச்சிருக்கு. ஈரோடு மாவட்டத்துல நொய்யல் கரையில கொடுமணல் இருக்கு. போர்வைக்குப் பேர்போன சென்னிமலைக்குப் பக்கம்தான். அங்கேயும் தக்களி கிடைச்சுது. கருவி இருக்கு, துணி இல்ல. சமையல்கட்டு இருக்கு, சாப்பாட்டைக் காணோம்ங்கிற மாதிரி.

மணலுக்குள்ள சட்டை

இப்போ எகிப்து. நைல் நதி ஓரமா ஒரு பட்டை மட்டும் பச்சை. அதைத் தாண்டினா பாலைவனம். மேல் எகிப்துல மழைங்கிறது அபூர்வம். வெள்ளம் எட்டாத அந்த மணல் மேட்டுலதான் இறந்தவங்களைப் புதைப்பாங்க.

மம்மின்னாலே நமக்குப் பட்டை பட்டையாச் சுத்தின உடம்புதான் ஞாபகம் வரும். ஆனா கி.பி. முதல் சில நூற்றாண்டுகளுக்கு அப்புறம் அந்தப் பழக்கம் மெல்ல மறைஞ்சுது. ஆளை அவர் உடுத்தின துணியோடயே புதைக்க ஆரம்பிச்சாங்க. நல்ல சட்டை, சால்வை, சில சமயம் வீட்டுத் திரைச்சீலையைக் கூடச் சுத்தி. மணல் ஈரத்தை உறிஞ்சிடுச்சு. 1,500 வருஷம் கழிச்சுத் தோண்டினா சிவப்பு சிவப்பாவே இருக்கு.

இந்தத் துணிகளுக்குத்தான் ‘கோப்டிக்’ துணின்னு பேர். கோப்ட்னா எகிப்துக் கிறிஸ்தவர்கள். அந்தச் சொல்லே ‘எகிப்தியர்’ங்கிற கிரேக்கச் சொல் அரபி வாய்க்குப் போய்த் திரிஞ்சு வந்ததுதான். ஆனா பேரைப் பார்த்து ஏமாந்துடக்கூடாது. கிட்டத்தட்ட 3-ஆம் நூற்றாண்டுல இருந்து 12-ஆம் நூற்றாண்டு வரைக்கும் நெய்த துணி எல்லாத்துக்கும் பொதுவா இந்தப் பேரை ஒட்டிட்டாங்க. ஆரம்பத்துத் துணிகள்ல கிரேக்க சாமி டயோனிசஸ் ஆடுவார், கடல் தேவதைகள் நீந்துவாங்க, திராட்சைக் கொடி ஓடும், முயலும் சிங்கமும் ஓடும். அப்புறம் சிலுவையும் பைபிள் கதையும் வருது. யோசேப்போட கதையை ஒரு சின்ன வட்டத்துக்குள்ள படம் படமா நெய்திருப்பாங்க. அதுக்கப்புறம் அரபி எழுத்துப் பட்டைகள் வருது. ஆட்சி மாறுது, சாமி மாறுது, தறி அதே தறி.

இந்தப் படச் சட்டை மோகத்தைக் கிண்டல் பண்ணின ஆளும் இருக்கார். கி.பி. 400 வாக்குல, இன்னைக்கு துருக்கியில இருக்கிற அமாசியாவுல அஸ்டீரியஸ்னு ஒரு பிஷப். பணக்காரங்க இப்படிப் படம் போட்ட உடுப்போட தெருவுல நடந்தா சித்திரம் எழுதின சுவர் நடந்து வர்ற மாதிரி இருக்குங்கிற அர்த்தத்துல ஒரு பிரசங்கமே பண்ணியிருக்கார். ரவிவர்மா ஓவியத்தை முந்தானையில நெய்த புடவையையும், மாப்பிள்ளை பொண்ணு முகத்தை ஆரி வேலையில முதுகுல போட்ட பிளவுஸையும் அவர் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

தறியில இருந்து இறங்கும்போதே உடுப்பு

சரி, இதை எப்படி நெய்தாங்க? இங்கேதான் நம்ம ஊர் நெசவாளர் ஒருத்தர் பக்கத்துல இருந்தா சட்டுனு பிடிச்சுக்குவார்.

சாதாரணத் துணியில பாவு நூல் நீளவாக்குல நிக்கும். ஊடை நூல் இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் ஓடித் திரும்பும். கோப்டிக் துணியில அலங்காரம் வர்ற இடத்துல கதை மாறுது. ஒவ்வொரு நிறத்து ஊடையும் தன்னோட எல்லை வரைக்கும்தான் போகும், அங்கேயே திரும்பி வந்துடும். பச்சை இலைக்குப் பச்சை நூல், சிவப்புப் பழத்துக்குச் சிவப்பு நூல், தனித்தனியா. பாவே தெரியாத அளவுக்கு அதை நெருக்கி அடிப்பாங்க. ரெண்டு நிறம் நேர்க்கோட்டுல சந்திச்சா நடுவுல ஒரு சின்ன கீறல் கூட விழும்.

நம்ம நாட்டுல இதோட நேர்ச் சொந்தக்காரங்க மகாராஷ்டிரத்துப் பைத்தானி முந்தானையும் காஷ்மீரத்துக் கானி சால்வையும். தமிழ்நாட்டுல கிட்டத்து உறவு காஞ்சிபுரத்துக் கோர்வை. உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம். உடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா, மொத்தம் மூணு. எல்லையில ஊடைகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கும், அதான் கோர்வை. நெசவாளர் ஒரு பக்கம் உட்கார்ந்தா அந்தப் பக்கக் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேணும். அந்த ரெண்டாவது ஆளுக்குக் கூலி கட்டுப்படியாகாம கோர்வைத் தறிகள் குறைஞ்சுக்கிட்டே வருது.

எகிப்துக்காரங்க நிறத்தைப் பிரிச்ச விதமும் சுவாரஸ்யம். சட்டையோட உடம்பு லினன், அதாவது ஆளிச் செடி நார். அது சாயத்தைச் சுலபத்துல பிடிக்காது. அதனால பெரும்பாலும் வெள்ளையாவே விட்டாங்க. அலங்காரத்துக்கு மட்டும் கம்பளி, ஏன்னா கம்பளி சாயத்தைக் குடிக்கும். மஞ்சிட்டி வகை வேர்ல இருந்து சிவப்பு. அவுரி மாதிரிச் செடிகள்ல இருந்து நீலம். ஊதா நிறம் அந்தக் காலத்துல ராஜா வீட்டு நிறம், கடல் நத்தையில இருந்து எடுக்கறது, விலை தாறுமாறு. அதனால சிவப்பையும் நீலத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திப் போலி ஊதா பண்ணினாங்க. செம்புல வெள்ளி பூசின ஜரிகைக்கு அது மூத்த அண்ணன்.

வெள்ளை உடம்பு, ஓரத்துல மட்டும் கண்ணைப் பறிக்கிற பட்டை. இப்போ சேலத்து வெண்பட்டு வேட்டியை நினைச்சுப் பாருங்க. புவிசார் குறியீடு வாங்கின அந்த வேட்டியும் இதே கணக்குதான். வெள்ளை வெளேர்னு பட்டு, கரையில மட்டும் ஜரிகை.

இன்னொரு ஒத்துமை எனக்கு இதைவிடப் பிடிச்சது. புடவையும் வேட்டியும் தறியில இருந்து இறங்கும்போதே உடுப்பு. வெட்டி உருவம் கொடுக்கிற தையல்காரர் வேலையே இல்ல. அந்த எகிப்துச் சட்டையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு கையில ஆரம்பிச்சு, உடம்பை நெய்து, மறு கையில முடிப்பாங்க. கழுத்துக்கு ஒரு பிளவு தறியிலேயே விட்டுடுவாங்க. சிலுவை வடிவத்துல ஒரே துணி இறங்கும். நடுவுல மடிச்சு, பக்கவாட்டுல தைச்சா சட்டை ரெடி.

கத்தரிக்கோல் வந்த கதை

இவ்வளவு காலம் மணல் காப்பாத்திக் கொடுத்ததை மனுஷன் என்ன பண்ணினான்னு பார்ப்போம்.

1880-கள்ல அக்மீம்ங்கிற ஊர் இடுகாட்டுல இருந்து இந்தத் துணிகள் குவியல் குவியலா வெளியே வந்துச்சு. 1896-க்கு அப்புறம் அன்டினோய்ங்கிற பழைய நகரத்துல ஆல்பர்ட் காயேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வருஷக்கணக்காத் தோண்டினார். ஐரோப்பாவுல பயங்கர மவுசு. மியூசியங்கள் வாங்குது, பணக்காரங்க வாங்கறாங்க, துணி டிசைன் பண்றவங்க வாங்கறாங்க.

வியாபாரி யோசிச்சான். முழுச் சட்டையை ஒருத்தருக்கு விக்கிறதை விட, அதுல இருக்கிற ரெண்டு வட்டம், நாலு சதுரம், ரெண்டு பட்டையைத் தனித்தனியா வெட்டினா எட்டுப் பேருக்கு விக்கலாமே? கத்தரிக்கோலை எடுத்தான். அழகான துண்டு ஆல்பத்துல ஒட்டப்பட்டுச்சு. வெறும் வெள்ளை லினன் குப்பைக்குப் போச்சு.

இன்னைக்கு லண்டன், பாரிஸ், நியூயார்க் மியூசியங்கள்ல நீங்க பார்க்கிற கோப்டிக் துணிகள்ல பெரும்பாலானது உள்ளங்கை அளவுத் துண்டுகள்தான். எந்தக் குழி, யாரோட உடம்பு, பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு பலதுக்கு விவரமே இல்ல. டிசைனை மட்டும் பார்த்துக் காலத்தை ஊகிச்சாங்க. பிற்பாடு கார்பன் சோதனை பண்ணினப்போ பல தேதிகளைத் திருத்த வேண்டியிருந்துச்சு.

அந்த வெள்ளை லினன்ல என்ன இருந்துச்சு தெரியுமா? முழுசாத் தப்பிச்ச சில சட்டைகளைப் பார்த்து நமக்குத் தெரிய வருது. இடுப்புக்கிட்ட ஒரு மடிப்புப் பிடிச்சுத் தைச்சிருக்கு. அதாவது டக். உயரத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சு விட்டுக்கலாம். குழந்தைகளோட சட்டையிலயும் இருக்கு.

பட்டுப் பாவாடையில கீழே டக் பிடிச்சுத் தைச்சு, பொண்ணு வளர வளர தீபாவளிக்கு ஒரு மடிப்புன்னு பிரிச்சு விடுவாங்களே, அதே டக். எகிப்துல ஒரு அம்மா, புள்ளை அடுத்த வருஷமும் போடுவான்னு நினைச்சு மடிச்சுத் தைச்சிருக்காங்க. அந்த மடிப்பைப் பிரிக்க நாள் வரல, சட்டை குழிக்குப் போயிடுச்சு.

இந்த விஷயம் டயோனிசஸ் ஆடற வட்டத்துல கிடையாது. குப்பைக்குப் போன வெள்ளைத் துணியில இருந்தது. ஒட்டுப் போட்ட இடம், வியர்வைக் கறை, கிழிசல், அளவு, எல்லாம் அதுலதான் இருந்தது. ஒரு ஆள் வாழ்ந்ததுக்கான சாட்சி அது.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் காலத்து எகிப்துக்காரங்களே அலங்காரத்தை வெட்டியிருக்காங்க. சட்டை நைஞ்சு போனா வட்டத்தையும் பட்டையையும் எடுத்துப் புதுச் சட்டையில வெச்சுத் தைச்சுக்குவாங்க. நம்ம வீட்டுலயும் பழைய புடவையோட கரையை எடுத்துப் புதுத் துணியில வெச்சுத் தைக்கிறது உண்டு. அந்த வெட்டு வேற, வியாபாரியோட வெட்டு வேற. முதலாவதுல துணிக்கு இன்னொரு வாழ்க்கை கிடைக்குது.

நம்ம துணியும் அங்கேதான் கிடைச்சுது

செங்கடல் ஓரத்துல பெரெனிகேன்னு ஒரு பழைய துறைமுகம். 1994-ல அங்கே அகழாய்வு ஆரம்பிச்சாங்க. ஒரு கோயிலுக்குள்ள இந்தியாவுல செஞ்ச ஒரு பெரிய தாழியில ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. கூடவே, பருத்தித் துணித் துண்டுகள்.

அது இந்தியப் பருத்தின்னு எப்படித் தெரியும்? நூலோட முறுக்கை வெச்சு. எகிப்துல நூலை ஒரு திசையில முறுக்குவாங்க, இந்தியாவுல அதுக்கு நேர் எதிர்த் திசை. கண்ணாடி வெச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடும். சாயம் ஏறக்கூடாத இடத்தை மறைச்சு நீலம் முக்கின பூப்போட்ட துணியும் இருக்கு, கப்பல் பாயோட துண்டும் இருக்கு.

கொஞ்சம் வடக்கே குசேர் அல்-காதிம்ங்கிற துறைமுகத்துல கண்ணன், சாதன்னு தமிழி எழுத்துல பேர் பொறிச்ச பானை ஓடுகள் கிடைச்சிருக்கு. ‘பானை ஒறி’ன்னு எழுதின ஓடும் அங்கேதான். அதே காலத்துல ஒரு கிரேக்க மாலுமி எழுதின பெரிப்ளஸ் குறிப்பேடு, உறையூர்ப் பக்கத்து மெல்லிய துணியை ஊர் பேரோடயே சொல்லுது.

ஆக, நம்ம பக்கத்துல இருந்து போன துணி நம்ம மண்ணுல மக்கிப் போச்சு. யாரோ ஒரு மாலுமி தூக்கிப் போட்ட கந்தல் பாலைவனத்துக் குப்பைமேட்டுல பிழைச்சுக்கிச்சு.

இப்போ நம்ம பீரோ

ஏற்காட்டுல ராத்திரி லேடீஸ் சீட் பக்கம் நின்னு கீழே பார்த்தா சேலம் முழுக்க விளக்கு மின்னும். அந்த வெளிச்சத்துல அம்மாபேட்டை இருக்கு, குகை இருக்கு, கொஞ்சம் தள்ளி இளம்பிள்ளை இருக்கு. தலைமுறை தலைமுறையா நெசவு ஓடற இடங்கள். கொலுசுக்கும் சேலம் பேர்போன ஊர். வெள்ளியும் பட்டும் ஒரே ஊர்ல. பாட்டி புடவை ஜரிகை உருகிப் பேத்தி கொலுசானா அதுலயும் ஒரு அழகு இருக்குன்னு நீங்க சொல்லலாம். நான் மறுக்கல. ஆனா வெள்ளியைத் திரும்ப வாங்கலாம், அந்த நெசவைத் திரும்ப வாங்க முடியாது.

நமக்கு எகிப்து மணல் இல்ல. வெச்சுக்கணும்னு முடிவு பண்ணினா நாமதான் மணலா இருக்கணும். பட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டுப் பூட்டாதீங்க, ஈரம் உள்ளேயே தங்கும். துவைச்ச பழைய வெள்ளைப் பருத்தித் துணியில சுத்துங்க. ஹேங்கர்ல வருஷக்கணக்காத் தொங்கவிட்டா ஜரிகைக் கனத்துல பட்டு கிழியும். மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து மடிப்பை மாத்துங்க, இல்லேன்னா ஒரே மடிப்புல இழை விட்டுப்போகும். நாப்தலின் உருண்டை ஜரிகையில படவே கூடாது, கறுத்துடும்.

வித்துத்தான் ஆகணுமா? வித்துக்குங்க, அதுல தப்பில்ல. வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. முந்தானை, கரை, உடம்பு, அப்புறம் முக்கியமா பின்பக்கம், நாலையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுங்க. நெசவாளர் எப்படி இழையைத் திருப்பினார்னு பின்பக்கம்தான் சொல்லும். அம்மாகிட்டயோ பாட்டிகிட்டயோ கேளுங்க. எந்த வருஷம், எந்த ஊர்ல எடுத்தது, யார் கல்யாணம், என்ன விலை, எதுக்கெல்லாம் கட்டினீங்க? போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. முடிஞ்சா முந்தானையில ஒரு முழமாவது வெட்டி வெச்சுக்குங்க. வெட்டும்போது, கரை மட்டும் போதும்னு நினைக்காதீங்க. ஜரிகையே இல்லாத வெறும் உடம்பும் கொஞ்சம் சேர்ந்து வரட்டும்.

கடைசியா ஒரு நல்ல சேதி. கெய்ரோ பக்கத்துல ஹரானியான்னு ஒரு கிராமம். 1950-களோட தொடக்கத்துல ராம்சேஸ் விஸ்ஸா வாசெஃப்னு ஒரு கோப்டிக் கட்டடக் கலைஞர் அங்கே கிராமத்துப் பிள்ளைங்ககிட்டத் தறியைக் கொடுத்தார். அவர் வெச்ச விதிகள் கொஞ்சம்தான். முன்கூட்டியே படம் வரைஞ்சு வெச்சுக்கக் கூடாது, எதையும் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது, பெரியவங்க குறை சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளைங்க வாத்தையும் பனைமரத்தையும் வாய்க்காலையும் மனசுல இருந்தே நெய்தாங்க. அவங்க நெய்த திரைகள் உலகம் சுத்துச்சு. தறி சும்மா கிடந்தாலும், கை வைக்கப் புதுசா ஒரு ஆள் வந்தா மறுபடி ஓடும்.

உங்க வீட்டுல அப்படி ஒரு பழைய புடவை இருந்தா, இன்னைக்குச் சாயங்காலம் அம்மாகிட்ட எடுத்துத் தரச் சொல்லிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. பாவாடையா இருந்தா, கீழே பிரிக்காத டக் ஏதாவது மிச்சம் இருக்கான்னும் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.